இரண்டு புள்ளி, ஒரு கோடு

கஸ்பாரின் விரல் நின்ற பிறகும் சத்தம் நிற்கவில்லை.

பவுல் முதலில் அதை மழை என்று நினைத்தான். காலையிலிருந்தே வாடைக்காற்று கூரைத் தகரத்தின் மேல் எதையோ இழுத்துப் போவதும் திரும்பக் கொண்டுவந்து போடுவதுமாக இருந்தது. துறைமுகத்தில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள். திரேஸ்புரம் கரையில் வள்ளங்கள் ஒன்றையொன்று உரசி முனகும் சத்தம் தெருக்கோடி வரை கேட்டது. மத்தியானத்துக்கே வீட்டுக்குள் விளக்குப் போட வேண்டியிருந்தது. டெட்டாலும் பவுடரும் பழைய துணியும் கலந்த நோயாளி வாடைக்கு நடுவே, கட்டில் காலில் முதுகைச் சாய்த்துத் தரையில் உட்கார்ந்து, அவன் பாதி தூங்கிக்கொண்டிருந்தான்.

டிட். டிட். டா.

கண்ணைத் திறந்தான். சத்தம் ஸ்டூல் மேலிருந்த லேப்டாப்பிலிருந்து வந்தது. எழுந்து கட்டிலைப் பார்த்தான். லேப்டாப்போடு வயரால் இணைத்த பொத்தான் போர்வை மேல் இருந்தது. கஸ்பாரின் சுட்டுவிரல் அதைத் தொடாமல், பக்கத்தில், வேகவைத்த இறால் போல வளைந்து கிடந்தது.

லேப்டாப் கெட்டுப்போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அதற்கு மேல் நினைக்கத் தெம்பில்லை.

கஸ்பார் அவன் அக்காள் மரியசெல்வியின் புருஷன். சங்கு குளிக்கிறவர். கம்ப்ரசர் குழாயை வாயில் கவ்விக்கொண்டு, இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குவார். கயிற்றின் மறுமுனை பவுலின் கையில் இருக்கும். அந்தக் கரையில் கயிற்றுக்கு மனைவியின் உடன்பிறந்தவனைத்தான் நிறுத்துவார்கள். வேறு யார் கை சோர்ந்தாலும் அவன் கை சோராது. கூடப்பிறந்தவளின் தாலி அந்தக் கயிற்றில் இருக்கிறது. கீழேயிருந்து கயிறு அசைந்தால் இழுக்க வேண்டும். எட்டிப் பார்க்கக் கூடாது, யாரையும் கேட்கக் கூடாது, யோசிக்கக் கூடாது. பவுலுக்கு அது இருபது வருடப் பழக்கம்.

சித்திரையில் ஒருநாள் கயிறு அசைந்தது. இழுத்தான். மேலே வந்த கஸ்பாருக்குப் பேச்சு வரவில்லை, கை கால் வரவில்லை. காற்றுக் குமிழி மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். வலது சுட்டுவிரல் மட்டும் மிஞ்சியது.

அதிலிருந்து மரியசெல்வி நண்டுக் கம்பெனிக்குப் போனாள். பகலில் பவுல் பார்த்துக்கொண்டான். புரட்டிப் படுக்கவைப்பது, குழாய் வழியாகக் கஞ்சி ஊற்றுவது, முதுகுப் புண்ணுக்கு மருந்து வைப்பது, மறுபடி புரட்டுவது. வேறு வள்ளத்துக்குக் கூப்பிட்டார்கள். போகவில்லை. நாள் முழுக்கக் கயிறு பிடித்தாலும் இப்படி வலித்ததில்லை. இது தோளில் இல்லை, எலும்புக்குள் எங்கேயோ இருந்தது.

விளையாட்டைக் கொண்டுவந்தவள் ஜெப்ஸி. நாசரேத்துக்காரி, வாரம் ஒருமுறை ஸ்கூட்டரில் வந்து கஸ்பாரின் கை கால்களை நீட்டி மடக்கிவிட்டுப் போகும் பிசியோதெரபிஸ்ட். ஒரே ஒரு பொத்தான். அதிலிருந்து ஒரு வயர் கட்டிலுக்கு அடியில் போய், அந்தப் பக்கம் ஏறி லேப்டாப்பில் செருகியிருந்தது. திரையில் நீலக் கடல், மேலே ஒரு படகு, படகிலிருந்து தொங்கும் நூல், நூலின் நுனியில் ஒரு குட்டி மனிதன்.

"இது மோர்ஸ், அண்ணாச்சி. அந்தக் காலத்துல கப்பல்காரங்க தந்தி அடிப்பாவள்லா, அது. பட்டுனு தட்டுனா 'டிட்', புள்ளி. அமுக்கிப் பிடிச்சா 'டா', கோடு. ஒரு கோடு ரெண்டு புள்ளின்னா ஆள் கீழ போவான். ரெண்டு புள்ளி ஒரு கோடுன்னா மேல வருவான்."

"படுத்துக் கெடக்க மனுசனுக்கு வெளையாட்டாக்கும்?" என்றான் பவுல்.

"நீங்க போன்ல சீட்டு ஆடுதியள்லா? அவிய ஆடக்கூடாதாக்கும்?" ஜெப்ஸி சிரித்தாள். "இது கை பழகிட்டா அடுத்து எழுத்து. எழுத்து வந்துட்டா அக்காகிட்ட பேசிருவாவ."

மரியசெல்வி அடுப்படி வாசலில் நின்றிருந்தாள், நண்டு ஓடு கிழித்த விரல்களை முந்தானையில் சுற்றிக்கொண்டு. "பெருசா ஒண்ணும் வேண்டாம்," என்றாள். "செல்வின்னு எம்பேர ஒருவாட்டி சொல்லட்டும். சாவுற வரைக்கும் நண்டு ஒடைப்பேன்."

அதற்காகத்தான் பவுல் தினமும் லேப்டாப்பைத் திறந்தான். கஸ்பாரின் விரலைத் தூக்கிப் பொத்தான் மேல் வைத்தான்.

கஸ்பார் சீக்கிரம் பழகினார். ஆனால் ஒன்றை மட்டும். ஒரு கோடு, இரண்டு புள்ளி. குட்டி மனிதன் இறங்குவான், மணலில் இடிப்பான். மறுபடியும் கோடு, புள்ளி, புள்ளி. இறங்க இடமில்லாத இடத்திலும் கீழே, கீழே. மணிக்கணக்காக. அந்தச் சத்தம் பவுலின் தூக்கத்துக்குள்ளும் வந்தது.

"மேல வரச் சொல்லுங்க, சார்," என்று ஜெப்ஸி கொஞ்சிப் பார்த்தாள். கஸ்பார் இமைக்காமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "நல்லாப் புரிஞ்சுதான் பண்ணுதாவ, அண்ணாச்சி," என்றாள். "மேல வரத்தான் இஷ்டமில்ல." அப்போது அவள் சிரிக்கவில்லை.

அக்காளும் ஒன்று சொல்லியிருந்தாள். "வெந்நி ஒத்தடம் குடுத்தாலும் ஒடம்பு சூடேற மாட்டேங்குல." தினமும் துடைத்துவிடுகிறவனுக்குத் தெரியாதா? கால் விரலிடுக்கில் எவ்வளவு துடைத்தாலும் ஈரம் ஊறியது. அந்தத் துண்டைக் காயப்போட்டால் உப்புப் பூத்தது.

டிட். டிட். டா.

பவுல் திரையைப் பார்த்தான். குட்டி மனிதன் மணலை விட்டுக் கொஞ்சம் எழும்பியிருந்தான். இத்தனை நாளில் முதல் தடவையாக.

"அத்தான்?" என்றான். "நீங்கதானா?"

கஸ்பாரின் விரல் நகர்ந்தது. மெதுவாகப் பொத்தான் மேல் ஏறியது. அமுக்கியது.

டா. டிட். டிட்.

குட்டி மனிதன் மணலில் விழுந்தான்.

வெளியே மழை பிடித்திருந்தது. சுவரில் மாதா படத்துக்கு முன்னால் சிவப்பு பல்பு விட்டு விட்டு எரிந்தது. பிறகு, விரல் அசையாமலே: டிட். டிட். டா.

விரல் ஏறியது. டா. டிட். டிட்.

டிட். டிட். டா.

டா. டிட். டிட்.

இரண்டு பேர் ஆடினார்கள். ஒருவர் மேலே வரக் கேட்டார். ஒருவர் கீழே அழுத்தினார். அழுத்துகிறது எது என்று பவுலால் பார்க்க முடிந்தது. அது போர்வைக்குள், அவன் காலையில் கஞ்சி ஊற்றிய உடம்பாகக் கிடந்தது.

"போதும்," என்றான். "நிப்பாட்டுவோம், அத்தான்."

கண் திரையை விட்டு அசையவில்லை. விரல் வேகம் பிடித்தது.

பவுல் குனிந்து லேப்டாப்பிலிருந்து வயரைப் பிடுங்கினான்.

விரல் அமுக்கியது. சத்தம் வரவில்லை. மறுபடி அமுக்கியது. வரவில்லை.

மற்ற சத்தம் மட்டும் வந்தது. டிட். டிட். டா.

குட்டி மனிதன் எழும்பினான்.

பவுலின் கையிலிருந்த வயர் அசைந்தது.

இரண்டு சின்ன வெட்டு. ஒரு நீண்ட இழுப்பு. பொத்தான் பக்கமிருந்து அல்ல. கட்டிலுக்கு அடியிலிருந்து. மற்ற குளிகாரர்கள் கயிற்றை உதறுவார்கள். கஸ்பார் சுண்டுவார். அந்தச் சுண்டுதலை அவன் உள்ளங்கைக்குத் தெரியும்.

யோசிக்கவில்லை. இழுத்தான்.

ஒரு முழம் வந்தது. பொத்தான் இருந்த இடத்திலேயே இருந்தது. இன்னொரு முழம். ஒரு பாகம், இரண்டு கையை விரித்த நீளம். அந்த வயர் அவ்வளவு நீளமே இல்லை. ஈரமாக வந்தது. பிறகு வழுவழுப்பாக, பாசியோடு வந்தது. குவித்துப்போட்ட சிப்பி அழுகும் வாடை தரையோடு பரவியது. பிறகு கனம். ஓர் ஆளின் கனம். குதிகாலைக் கட்டில் சட்டத்தில் ஊன்றினான். உடம்பைப் பின்னால் சாய்த்தான். கை மாற்றிக் கை மாற்றி இழுத்தான்.

நிமிர்ந்தபோது விரல் நின்றிருந்தது. கண் திரையில் இல்லை. அவனைப் பார்த்தது.

கதவைத் தட்டினார்கள்.

"ஏலே பவுலு! கதவத் தொறல. புயல்னு கம்பெனிய மூடிட்டான். நனைஞ்சு நாறிப் போய் நிக்கேன்."

காற்றுக்காக உள்ளே தாழ் போட்டிருந்தான். போய்த் திறக்க வழியில்லை. இரண்டு கையிலும் வயரின் கனம்.

"செல்வி."

கட்டிலிலிருந்து. கஸ்பாரின் குரல். அப்படியே.

"ஐயோ மாதாவே," என்றாள் மரியசெல்வி. "பவுலு, யாருல அது? அவியளா? பேசுதாவளா?" அழுதாள். சிரித்தாள். உள்ளங்கையால் கதவை அடித்தாள். "இன்னொருவாட்டி சொல்லுங்க. சொல்லுங்களேன்."

"செல்வி," என்றது.

போர்வை விலகியது. கால்கள் தரையில் இறங்கின.

"உள்ள வராத!" பவுல் கத்தினான். "அக்கா, ஓடு! அது அத்தான் இல்ல!"

"கிறுக்குப் பயல, தொறல கதவ!"

அது எழுந்து நின்றது. தள்ளாடவில்லை. சுவரைப் பிடிக்கவில்லை. அவனைத் தாண்டிப் போனது, சிமெண்டில் ஈரக் காலடி வைத்து.

வயரை விட்டால் ஓடிப்போய்த் தடுக்கலாம். வயரை விட்டால் கீழே இருப்பவர் போய்விடுவார். கட்டிலுக்கு அடியில் தண்ணீர் கலங்கியது. யாரோ இருமினார்கள். மூச்சுக்குத் திணறும் இருமல். வயர் சுண்டியது.

"ஏங்க," என்றாள் அக்காள் வெளியே. குரல் குழைந்திருந்தது. "மெல்ல வாங்க. விழுந்துராதிய."

பவுல் இழுத்தான்.

கட்டிலுக்கு அடியிலிருந்து ஒரு கை வெளியே வந்து தரையைப் பற்றியது. வெளுத்து, ஊறிப்போய், சதை தளர்ந்த வலது கை. வாசலில் அதே கை தாழ்ப்பாளைத் தூக்கியது.