ஈர டம்ளர்

வெந்நீரில் போட்டெடுத்துத் துணிமேல் கவிழ்த்து வைத்த நான்கு டம்ளர்களில் ஒன்று நிமிர்ந்திருந்தது. திரிபுரசுந்தரி உள்ளே விரலை விட்டுப் பார்த்தாள். ஈரம். முகர்ந்தாள். கொல்லை அடிபம்புத் தண்ணீரின் துரு வாசனை.

அந்தப் பம்பைத்தான் அவள் மூன்று நாளாக சைக்கிள் சங்கிலி போட்டுப் பூட்டி வைத்திருந்தாள். சாவி அவள் தாலிக்கொடி ஊக்கில் தொங்கியது.

சானடோரியம் ரயில் பாதைக்குப் பின்னால் இருந்த அந்தத் தெருவில், மழைத் தண்ணீரும் சாக்கடையும் கலந்து வடியாமல் நின்ற வாரத்தில் காலரா வந்தது. பக்கத்துப் போர்ஷன் ஞானம்மாள் இரவெல்லாம் அரிசி கழுவிய தண்ணீராகப் பேதி போய்க்கொண்டே இருந்து, காலையில் பாதி ஆளாகக் கிடந்தாள். விரல்கள் நாள் முழுக்கத் துணி துவைத்தவள் போல ஊறிச் சுருங்கியிருந்தன. மதியத்துக்குள் செத்துப் போனாள். திரிபுரசுந்தரி பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டு வரும்வரை ஆறு வயது பட்டுவைப் பார்த்துக்கொண்டவள் அவள்தான். குழந்தை தண்ணீர் கேட்டால் டம்ளரைப் பம்படியில் ஒரு சுற்று அலசி, உதறி, பிறகுதான் ஊற்றுவாள். அலசாமல் யாருக்கும் கொடுத்ததில்லை.

ஞானம்மாள் வீட்டிலும் காய்ச்சிய தண்ணீர்தான் என்று திரிபுரசுந்தரி சொன்னபோது, வீடு வீடாக வந்துகொண்டிருந்த நர்ஸ் தபீதாள் நோட்டிலிருந்து தலையைத் தூக்கவில்லை.

"காய்ச்சறீங்க, மூடி வெக்கறீங்க. குடுக்கறப்ப டம்ளரைப் பச்சத் தண்ணில அலசிடறீங்க. சொன்னா கை கேக்குதா? செத்தாலும் அலசுவீங்க டீச்சர், நீங்கல்லாம்."

கணவன் ராஜாராமன் ஆபீஸ் வேலையாக வெளியூரில் இருந்தான். பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டிருந்தார்கள். பட்டு இன்னும் நன்றாக இருந்தாள். அவளை அப்படியே வைத்திருப்பதைத் தவிர திரிபுரசுந்தரிக்கு வேறு வேலை இல்லை.

நான்கு டம்ளர்களையும் மறுபடி கொதிக்க விட்டுக் கவிழ்த்தாள். கொல்லைப் படியில் பம்பைப் பார்த்தபடி உட்கார்ந்தாள். மணி நாலுதான், ஆனால் மழை இருட்டு, கரண்டும் இல்லை. தெருவெல்லாம் கொட்டியிருந்த பிளீச்சிங் பவுடரின் நெடியும் காயாத துணிகளின் புழுங்கலும் மூக்கில் ஏற, தாம்பரம் போகும் மின்சார ரயில் தடதடத்துக் கடந்து ஓய்ந்த பிறகு, அந்த ஓசைக்கு அடியில் அதுவரை ஒளிந்திருந்தது போல இன்னொரு சத்தம் கேட்டது.

கிரீச். கிரீச்.

பம்பின் கைப்பிடி அசையவில்லை. சங்கிலி இருந்தது. பூட்டு இருந்தது. பம்பின் மூக்கிலிருந்து மட்டும் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

உள்ளே ஓடினாள்.

பட்டு பாயில் உட்கார்ந்திருந்தாள். கையில் டம்ளர். காலி. மோவாயில் ஈரம்.

"யாருடி குடுத்தா?"

குழந்தை சொல்லப்போகும் பெயர் அவளுக்குத் தெரியும். அதைக் கேட்காமலிருக்க முடிந்தால் போதும்.

"நீதாம்மா. இப்பதான குடுத்த?"

"நான் கொல்லைலல்ல இருந்தேன்."

பட்டு அவளை ஏற இறங்கப் பார்த்தாள். பிறகு சமையலறைப் பக்கம் பார்த்தாள். குரல் தாழ்ந்தது.

"அப்ப அது யாரும்மா?"

உள்ளே டம்ளருக்குள் தண்ணீர் ஒரு சுற்றுச் சுற்றியது. ஓர் உதறல். ஊற்றும் சத்தம்.

சமையலறைத் திரைக்கு வெளியே ஒரு கை வந்தது. அதில் அவளுடைய வளையல்கள். அவளுடைய மோதிரம். ஊறிச் சுருங்கி வெளுத்த விரல்கள். நிறைந்த டம்ளர்.

திரிபுரசுந்தரிக்கு நாக்கு வறண்டிருந்தது. காலையிலிருந்தே வறண்டிருந்தது.

அவள் கை தானாக நீண்டது.