காலி மண்டபத்தின் பத்தொன்பது வினாடி

ஞாயிற்றுக்கிழமை மதியம் மூன்று மணிக்குச் சல்லடை அந்த இசைத்தட்டுக் கடையின் மாடிப்படியில் கால் வைத்தபோதே மேலே ரசிகர் கூட்டத்தில் சண்டை தொடங்கிவிட்டிருந்தது. பழைய ஒலிநாடாக்களில் படிந்த இரைச்சலை நீக்கித் தருவது அவன் தொழில். அதனால் ஒரு பழைய ராக் குழுவின் ரசிகர்கள் சூட்டிய பெயர் சல்லடை. பெற்றோர் வைத்த பெயரை அவன் மனைவி மட்டும், அதுவும் கோபம் வந்தால்தான் சொல்வாள்.

மாடியில் தாழ்ந்த கூரை. நனைந்து காய்ந்த அட்டைப்பெட்டியின் வாடை. திறக்க முடியாத ஒரே ஜன்னல், முப்பது மடக்கு நாற்காலிகள், ஆள் உயரத்துக்கு இரண்டு ஒலிபெருக்கிகள். நாற்காலிகள் தாமாகவே இரண்டு கட்சியாகப் பிரிந்திருந்தன.

சண்டைக்குக் காரணம் ஓர் ஒலிநாடா. நாற்பது வருடத்துக்கு முன் அந்த ராக் குழுவின் ஐந்து பேரும் ஒரு கல் மண்டபத்தில் ஒரே நாளில் பாடிப் பதிவு செய்து, பிடிக்காமல் பெட்டியில் போட்டுவிட்டது. அதன் திருட்டுப் பிரதியைத்தான் ரசிகர்கள் இத்தனை நாளும் தேயத் தேயக் கேட்டார்கள். ஐவருக்கும் எழுபது தாண்டிய பிறகு, போன மாதம் இசை நிறுவனம் அதைச் சுத்தம் செய்து வெளியிட்டது. சுத்தம் செய்தவன் சல்லடை. இசைத்தட்டு அட்டையின் பின்பக்கம், எறும்பு அளவு எழுத்தில் அவன் பெயரும் இருந்தது.

பழைய டேப் கட்சிக்குத் தலைவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். பஸ்ஸில் பழகிய குரல், மைக் தேவைப்படவில்லை.

"துணியைத் துவைன்னு குடுத்தா சாயத்தையே உருவிட்டாங்கய்யா! அந்த இரைச்சல்லதான் உயிரே இருந்துச்சு!"

கடைக்காரர் புது டேப் கட்சி. "சும்மா இருங்கண்ணே. புதுசைக் கேட்டா பக்கத்துல ஆள் உக்காந்திருக்கற மாதிரி இருக்கு. அந்தச் சுகம் உங்க கொரகொரப்புல உண்டா?"

"எனக்கும் அப்படித்தான் இருக்கு" என்றார் ஒருவர். "எனக்கும்" என்றார் இன்னொருவர். ஏழெட்டுத் தலைகள் ஆடின. சல்லடைக்கு உச்சி குளிர்ந்தது. பொய் சொல்வானேன், அதைக் கேட்கத்தான் அவன் வந்திருந்தான்.

பின்வரிசையில் ஒரு நர்ஸ். பணி முடிந்து சீருடையோடு வந்திருந்தாள். அதுவரை வாய் திறக்காதவள், மெதுவாகச் சொன்னாள்.

"ஆள் இருக்கற மாதிரி இல்ல. ஆள் இருக்கு."

எல்லோரும் திரும்பினார்கள்.

"நான் எண்ணிப் பாத்தேன். மூணு மூச்சு சீரா வருது. அப்புறம் விக்கல் மாதிரி ஒரு தடங்கல். அப்புறம் நீளமா ஒண்ணு. மறுபடி மொதல்லேர்ந்து. பாட்டு பூரா."

"பாடறவன் மூச்சு விடாமலா பாடுவான், தங்கச்சி?" டிரைவர் சிரித்தார்.

"அவர் பாடிக்கிட்டிருக்கும்போதே வருதே, சார்."

சிரிப்பு பாதியில் நின்றது.

"எங்க வார்டுல ஒருத்தருக்கு இந்த மூச்சு வந்துட்டா, வீட்டுக்காரங்களை வரச் சொல்லிடுவோம்."

பாட்டுகளுக்கு அடியில் என்ன இருக்கிறது என்று அந்த அறையில் சல்லடைக்கு மட்டும்தான் தெரியும்.

இரைச்சலை அடியோடு எடுத்தால் அந்த இடம் செத்துப்போகும். கேட்பவருக்குக் காதில் பஞ்சு அடைத்தது போலிருக்கும். அதனால் அதே அறை காலியாக இருந்தபோது பதிவான சத்தத்தில் ஒரு துண்டை வெட்டி, திரும்பத் திரும்ப ஒட்டி, பாட்டு முழுவதற்கும் அடியில் விரிப்பார்கள். கிழிந்த சட்டைக்கு அதன் மடிப்பிலிருந்தே துணி எடுத்து ஒட்டுப் போடுவது மாதிரி. அந்த நாடாவின் கடைசியில் அவனுக்கு அப்படி ஒரு துண்டு கிடைத்தது. ஐவரும் சிரித்துக்கொண்டே எழுகிறார்கள், காலடிகள் போகின்றன, கதவு சாத்தப்படுகிறது, பூட்டு விழுகிறது. அதன் பிறகு நாடா தீரும்வரை பத்தொன்பது வினாடி, காலி மண்டபம்.

அதைத்தான் அவன் ஒன்பது பாட்டுக்கும் அடியில் விரித்திருந்தான்.

கூட்டத்திடம் அதைச் சொன்னான். அவனுக்கு அங்கே உட்கார முடியவில்லை. படியில் இறங்கிக்கொண்டே, குழுவின் டிரம்மருக்குப் போன் போட்டு அந்தப் பத்தொன்பது வினாடியைப் பற்றிக் கேட்டான். வேலை நடந்தபோது பழக்கமானவர்.

"டேப்பை நிறுத்த மறந்துட்டு சாப்பிடப் போயிட்டோம், தம்பி. அஞ்சு பேரும் ஒண்ணாத்தான் போனோம். கதவைப் பூட்டினதே நான்தான்."

"உள்ள வேற யாராவது, சார்…"

"அந்தத் துண்டை எதுக்குப்பா எடுத்தே?" என்றார் கிழவர். போன் துண்டிக்கப்பட்டது.

நேரே வீட்டுக்குப் போனான். மனைவி வீட்டிலேயே அச்சுப் பிழை திருத்துபவள். கணவன் பெயர் வந்த முதல் இசைத்தட்டு என்ற பெருமையில், ஒரு மாதமாக நாள் முழுக்க அதையே ஓடவிட்டிருந்தாள். முன்பெல்லாம், "காதுல அந்த ஹெட்போன் குடுவையை மாட்டிட்டா நீங்க இருந்தும் இல்லாத கணக்குதான்" என்று தினம் அவளிடம் திட்டு வாங்குவான். இந்த ஒரு மாதமாக அவள் அதைச் சொல்லவே இல்லை. தனக்கு நல்ல காலம் பிறந்ததாக நினைத்து, அந்த முட்டாள் சந்தோஷப்பட்டிருந்தான்.

படுக்கையறைக்குள் போனான். அவள் திருத்திய தாள்களின் நடுவே ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். பாட்டு மெலிதாக ஓடியது. சல்லடை அவள் மூக்கருகே குனிந்து கேட்டான்.

மூன்று மூச்சு, சீராக.

ஒரு தடங்கல்.

நீளமாக ஒன்று.

பாட்டை நிறுத்தினான். அவள் மூச்சு மாறவில்லை.

"எதுக்கு இப்படி உலுக்கறீங்க?" அவள் கண்ணைக் கசக்கினாள். முகம் வெளுத்திருந்தது. விரல் நுனிகளில் லேசாக நீலம். "ஒண்ணுமில்லைங்க. கொஞ்ச நாளா ஒரே அசதி. அவ்வளவுதான்."

மறுநாள் டாக்டர் நெஞ்சில் குழல் வைத்துப் பார்த்தார், படம் எடுத்தார், நுரையீரல் சுத்தமாக இருப்பதாகச் சொல்லிச் சத்து மாத்திரை எழுதினார். சத்தும் இல்லை, சாரமும் இல்லை. வீட்டிலிருந்த இசைத்தட்டை அவன் உடைத்துப் போட்டும் பயனில்லை. பக்கத்து வீட்டில் கேட்டது, முடிதிருத்தும் கடையில் கேட்டது. ஊர் முழுக்க அந்தப் பாட்டுதான். ஒவ்வொரு நாளும் அவளுடைய தடங்கல் கொஞ்சம் நீண்டது. அவள் போய்விடுவாளோ என்று பயந்தான்.

துண்டை மாற்றுவதைத் தவிர வேறு வழி தெரியவில்லை. கல் மண்டபத்தை இடித்துப் பல வருடம் ஆகிவிட்டது. அவளை அக்கா வீட்டுக்கு அனுப்பிவைத்துவிட்டு, தன் படுக்கையறையிலேயே மைக்கை நிறுத்தினான். விசிறியை அணைத்தான். குளிர்சாதனப் பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கினான். தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் பதிவு செய்தான். பத்துத் தடவை கேட்டான். வெறும் வெறுமை. ஒன்பது பாட்டிலும் பழைய துண்டை எடுத்துவிட்டு இதை விரித்து, 'திருத்தம்' என்று நிறுவனத்துக்கு அனுப்பினான். அந்தப் பத்தொன்பது வினாடியை இருந்த இடமெல்லாம் தேடி அழித்தான்.

வியாழக்கிழமை இணையத்தில் எல்லா இடத்திலும் புதுப் பிரதி வந்தது. ரசிகர்களின் வாட்ஸப் குழுவில் சண்டை தலைகீழாயிற்று. 'யாரோ எழுந்து போன மாதிரி இருக்கு, திருப்பிக் குடுங்க' என்று கடைக்காரர் கட்சி புலம்பியது. டிரைவர் பூச்செண்டுப் படமாக அனுப்பித் தள்ளினார். சல்லடை தான் செய்ததை ஒளிக்காமல் எழுதினான்.

மாலை நாலு மணிக்கு நர்ஸிடமிருந்து ஒரு வரி வந்தது.

'நானும் கேட்டேன், சுத்தமா இருக்கு. உங்க வீட்டு வெறுமையை அங்க வெச்சீங்க, சரி. அங்க இருந்தவரை எங்க விட்டீங்க?'

'அழிச்சாச்சு' என்று தட்டினான். அனுப்பவில்லை. எழுந்து படுக்கையறைப் பக்கம் போனான்.

மனைவி அக்கா வீட்டிலிருந்து காலையில்தான் திரும்பியிருந்தாள். சுவர்ப் பக்கம் திரும்பித் தூங்கிக்கொண்டிருந்தாள். வீட்டில் எந்தப் பாட்டும் ஓடவில்லை. பழக்க தோஷத்தில் மூச்சைப் பிடித்துக்கொண்டு வாசலிலேயே நின்று எண்ணினான். பத்து. இருபது. முப்பது. தடங்கலே இல்லை. அவளுடைய பழைய, சாதாரணமான, அழகான மூச்சு. விரல் நுனிகளில் சிவப்பு திரும்பியிருந்தது. சல்லடைக்கு அழுகை வந்துவிட்டது. இனிமேல் மதியங்களில் குடுவையைக் கழற்றி வைத்துவிட்டு இவள் பக்கத்தில் வந்து படுத்துக்கொள்ள வேண்டும் என்று நினைத்தான்.

அவள் கண் திறக்காமலே முணுமுணுத்தாள்.

"கொஞ்சம் தள்ளிப் படுங்க. மூச்சு கழுத்துல படுது."

அவன் வாசலில்தான் நின்றிருந்தான்.

அவள் முதுகுக்குப் பின்னால், காலியாகக் கிடந்த பக்கத்தில், மெத்தை மெல்ல மேலெழுந்தது. ஒரு சாண் தள்ளி, மறுபடி அமுங்கியது.