மருமகள் இருந்த பெட்டி

கதவு திறக்கவில்லை அப்பா. குளியலறை மூலையில், ஷவர் தண்ணீர் வெளியே தெறிக்காமல் இருக்க நீங்கள் கூரை வரைக்கும் போட்டுக் கொடுத்த கண்ணாடித் தடுப்பு இருக்கிறதே, அதன் கதவு. பூட்டும் கிடையாது, தாழ்ப்பாளும் கிடையாது, ஓரத்தில் ஒரு காந்தப் பட்டை மட்டும்தான். ஒரு விரலால் இழுத்தாலே வந்துவிடும். நான் இரண்டு கையாலும் இழுத்துவிட்டேன். சுவரில் காலை ஊன்றி இழுத்துவிட்டேன். முக்காலியைத் தூக்கி அடித்தேன், முக்காலியின் கால்தான் உடைந்தது. கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை.

அண்ணன் உள்ளே இருக்கிறான்.

உள்ளே தண்ணீர் இல்லை. அதைத்தான் முதலில் சொல்லியிருக்க வேண்டும். தரை காய்ந்து கிடக்கிறது, ஷவர் சொட்டக்கூட இல்லை. ஆனால் அவன் தலைமுடி மேலே எழும்பி, இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக மெதுவாக ஆடிக்கொண்டிருக்கிறது.

வாயைத் திறந்து பேச எனக்குப் பயமாக இருக்கிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன். அதனால்தான் குளியலறை வாசலில் உட்கார்ந்து போனில் தட்டிக்கொண்டிருக்கிறேன். கப்பல் கரைப்பக்கம் வந்து உங்களுக்கு சிக்னல் கிடைக்கும்போது படிப்பீர்கள். அதற்குள் என்ன ஆகியிருக்குமோ தெரியவில்லை.

அந்த இரண்டு ஏஞ்சல் மீன்களிலிருந்துதான் சொல்ல வேண்டும். நீங்கள் கப்பலுக்குக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு நம் ஹாலில் இருக்கும் கடல்மீன் தொட்டிக்கு வாங்கி வந்தீர்களே, பாதி உடம்பு மஞ்சள், பாதி உடம்பு நீலமாக. எவ்வளவு கூச்சம் அதுகளுக்கு! ஹாலுக்குள் யாராவது நுழைந்தால் போதும், பவளப் பாறைக் குகைக்குள் ஓடி, கூரையில் வயிற்றை ஒட்டிக்கொண்டு தலைகீழாக நீந்தும். பெரியது முதலில் வந்து குகையைப் பிடித்துக்கொண்டது. சின்னது பின்னால் வந்தது. இரண்டையும் நேராகச் சேர்த்து விட்டால் பெரியது கொன்றுவிடும் என்று சின்னதை ஒரு தெளிவான பிளாஸ்டிக் பெட்டிக்குள் போட்டு, மூடியை மாட்டி, பெட்டியைத் தொட்டிக்குள்ளேயே தொங்கவிட்டீர்கள். பெரியது உடனே வந்து கன்னத்து முள்ளால் பெட்டியில் மோதியது. டொக். அந்தச் சத்தம் சமையலறை வரைக்கும் கேட்டது.

அம்மா கரண்டியோடு எட்டிப் பார்த்தாள்.

"பெரிசு மாமியா, சின்னது மருமக. ஒரே வீட்ல விட்டா சும்மாவா இருக்கும்?"

நீங்கள் சிரித்துக்கொண்டே என்னைப் பக்கத்தில் கூப்பிட்டீர்கள். "இதக் கேட்டுக்கடா செல்லம். பெட்டி, உள்ள இருக்கறதுக்குப் பயம் போறதுக்கு இல்ல. வெளிய இருக்கறதுக்குக் கோவம் போறதுக்கு. மாமியா மோதறத விட்டுட்டு பெட்டி பக்கத்துலயே நிம்மதியா மேய ஆரம்பிக்கும் பாரு, அப்பதான் மூடியத் திறக்கணும். அவசரப்பட்டா ஒண்ணு போயிடும். அதுவரைக்கும் உள்ள இருக்கறதுக்குத் தனியா ஊட்டணும்."

என்னை நம்பித்தான் விட்டுப் போனீர்கள். எனக்குத்தான் பொறுமை அதிகம் என்று.

அண்ணன் விடவில்லை. "எலி மீன் வளக்கப் போகுதாம்டா!" என்று, எனக்கு அவன் வைத்த பட்டப்பெயரிலேயே, நண்பனிடம் போனில் சொல்லிச் சிரித்தான். பிறகு மாமியார் மோதுவதைப் போனில் படம் எடுத்து நெட்டில் போட்டான். ஆயிரக்கணக்கான பேர் பார்த்தார்கள். கோபம் ஏற ஏற மாமியாரின் நீலம் மின்சாரம் பாய்ந்த மாதிரி ஜொலிக்கும், அதுதான் எல்லோருக்கும் வேண்டியிருந்தது. அதன் பிறகு அவன் மூடியைத் திறக்கவே இல்லை. மாமியார் அடங்கி, பெட்டிப் பக்கத்திலேயே பாறையைக் கொறிக்க ஆரம்பித்த பிறகும் திறக்கவில்லை. பெட்டியைக் குகை வாசலுக்கே நகர்த்தினான், மறுபடியும் கோபம் வரட்டும் என்று. நான் மூடியில் கை வைத்தால் மணிக்கட்டைப் பிடித்து முறுக்குவான். நான் பள்ளிக்கூடம் போன நேரத்தில் அதற்குச் சாப்பாடும் போடுவதில்லை. பட்டினியாக இருந்தால் மருமகள் மூலைக்கு மூலை ஓடுகிறாள், பார்க்க நன்றாக இருக்கிறதாம்.

இன்னொன்றும் செய்தான். உங்களிடம் நான் சொல்லாதது. எனக்குத் திக்குகிறதே, அதற்கு டாக்டரம்மா தினமும் சத்தமாகப் படிக்கச் சொல்லியிருந்தார். யார் முன்னாலும் வராது. தொட்டி முன்னால் வரும், மீன்கள் சிரிக்காது. ஒரு நாள் நான் மருமகளுக்குப் பாடம் படித்துக் காட்டிக்கொண்டிருந்ததை அண்ணன் பின்னாலிருந்து படம் எடுத்து, என் வகுப்புப் பிள்ளைகளுக்கு அனுப்பிவிட்டான். "ம-ம-ம-மருமக" என்று நான் சொல்வதை மட்டும் வெட்டி, திரும்பத் திரும்ப ஓடும்படி. அடுத்த நாள் வகுப்புக்குள் நுழைந்தபோது கடைசி வரிசையிலிருந்து ஆரம்பித்தார்கள். ம-ம-ம-ம. வாத்தியார்கூட உதட்டைக் கடித்துக்கொண்டு திரும்பிக்கொண்டார்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் மருமகள் செத்திருந்தாள். பெட்டியின் மேல் மூலையில், வாய் திறந்து, சாய்ந்து. அண்ணன் இரண்டு விரலால் வாலைப் பிடித்துத் தூக்கிக் குளியலறைக்குக் கொண்டுபோய்க் கழிப்பறையில் போட்டுத் தண்ணீரை இழுத்துவிட்டான்.

"போச்சுடா. ஹீரோயின் காலி."

அவன் வெளியே போன பிறகு நான் காலிப் பெட்டியின் முன்னால் நின்று ஒன்று சொன்னேன். இவனும் இப்படியே நிக்கணும். உள்ள நிக்கணும், எல்லாரும் பாக்கணும், யாரும் திறக்கக் கூடாது.

அதைச் சொல்லும்போது எனக்குத் திக்கவில்லை.

காலையில் எழுந்தபோது மாமியார் பெட்டிக்குள் இருந்தாள். மூடி மாட்டியபடியே இருந்தது.

"எலி, உன் வேலதான?" என்று அண்ணன் என் காதைத் திருகினான். நான் இல்லை என்று சொல்ல ஆரம்பித்து முடிப்பதற்குள் அவனே மீனை வெளியே விட்டுவிட்டான். மத்தியானம் மறுபடியும் உள்ளே இருந்தது. வெளியே விட்டான். ராத்திரி மறுபடியும் உள்ளே. மூடியின் மேல் ஒரு கல்லை வைத்துப் பார்த்தான். கல் வைத்தபடியே இருந்தது, மீன் உள்ளே இருந்தது. அதன் நீலம் வெளுத்து, துவைத்துத் துவைத்துப் போன துணி மாதிரி ஆகிவிட்டது.

அதன் பிறகுதான் குளியலறையில் அந்த வாடை வந்தது. சாக்கடை வாடை இல்லை. நம் தொட்டியின் மூடியைத் திறந்தால் முகத்தில் அடிக்குமே, உப்பும் பாசியும் கலந்த அந்தக் குளிர்ந்த வாடை. கண்ணாடித் தடுப்பின் ஓரங்களில் வெள்ளையாகப் பூத்திருந்தது. நான் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தேன். உப்பு.

"யாருடா பாத்ரூம்ல உப்பக் கொட்டுனது? சமையல் பண்றீங்களா உள்ள?" என்று அம்மா கத்திக்கொண்டே தேய்த்துக் கழுவினாள். மறுநாள் இன்னும் உயரத்தில், என் தோள் அளவுக்குப் பூத்திருந்தது.

அண்ணன் வெளியே போவதை நிறுத்தினான். சோறு வைத்த தட்டு அப்படியே இருக்கும். யாராவது வந்து அழைப்பு மணியை அடித்தால் எழுந்து ஓடி, பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடுக்கில் புகுந்துகொண்டான். அவ்வளவு பெரிய உடம்பு, அந்த இடுக்கில் எப்படிப் போனான் என்றே புரியவில்லை. அம்மாவுக்கு முதலில் சிரிப்பு.

"எந்த மகராசிடா உன்ன இப்படி மூலையில உக்கார வெச்சா? பேரையாவது சொல்லு, போய் கும்பிட்டுட்டு வரேன்."

அவன் சிரிக்கவில்லை. அம்மா ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பிய பிறகு என் அறை வாசலில் வந்து நின்றான்.

"எலி... உனக்குக் கேக்குதா?"

"எ-எ-என்ன?"

"யாரோ வந்து வந்து மோதறாங்க. என்னச் சுத்தி. எங்க போனாலும்."

என் திக்கலைக் கேட்டும் அவன் சிரிக்காதது அன்றுதான் முதல் தடவை. கண் இரண்டும் குழிக்குள் போயிருந்தன. பாவமாக இருந்திருக்க வேண்டும் அப்பா. எனக்கு இனித்தது. போர்வையை இழுத்துத் தலைவரைக்கும் மூடிக்கொண்டு, அந்த இனிப்போடேயே தூங்கினேன்.

இன்றைக்கு அம்மாவுக்கு நைட் டியூட்டி. பம்ப்பின் உறுமலும், தொட்டியிலிருந்து கீழ்த் தொட்டிக்குத் தண்ணீர் இறங்கும் சலசலப்பும், கதவிடுக்கு வழியாக வந்து என் அறைத் தரையில் கோடாக விழுந்திருக்கும் நீல வெளிச்சமும் எப்போதும் போலத்தான் இருந்தன. அவற்றுக்கு அடியில், அவசரமே இல்லாமல், கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரோ ஒருவர் பொறுமையாகக் காத்திருந்து காத்திருந்து தட்டுவதைப் போல இன்னொரு சத்தம் இருந்தது. டொக். குளியலறைப் பக்கமிருந்து.

எழுந்து போனேன். அண்ணன் கண்ணாடிக்குள் நின்றிருந்தான். என்னைப் பார்த்ததும் வாயைத் திறந்து திறந்து மூடினான். சத்தம் வரவில்லை. அப்போதுதான் கதவை இழுத்தேன், காலை ஊன்றினேன், முக்காலியால் அடித்தேன்.

அம்மா வார்டுக்குள் போனை எடுத்துப் போக மாட்டாள். ஆஸ்பத்திரி நம்பரைத் தொட்டுவிட்டு ஹாலில் நின்றேன். எடுத்தவர் யாரென்று கேட்டார். "அ-அ-அ..." அம்மா என்ற சொல் வரவில்லை. அண்ணன் என்ற சொல்லும் வரவில்லை. "நடு ராத்திரில விளையாட்டா?" என்று வைத்துவிட்டார்.

திரும்பும்போது தொட்டியைப் பார்த்தேன். பெட்டிக்குள், மேல் மூலையில், வாய் திறந்து, மாமியார் சாய்ந்திருந்தாள். பெட்டிக்கு வெளியே இன்னொன்று இருந்தது. பாதி மஞ்சள், பாதி நீலம். மின்சாரம் பாய்ந்த நீலம். பெரியது ஒடுங்கினால் சின்னது அதன் இடத்துக்கு வளரும், உடம்பே மாறிவிடும் என்று நீங்கள் சொல்லியிருக்கிறீர்கள். கழிப்பறையில் போட்ட மீனும் வளருமா அப்பா? அது என்னைப் பார்க்கவே இல்லை. பின்னால் நகர்ந்தது. வந்து மோதியது. டொக்.

குளியலறைக்கு ஓடினேன். அண்ணனின் கால் தரையில் இல்லை. ஒரு சாண் மேலே. எனக்கு அழுகை வந்தது, அழுகையோடு வார்த்தையும் வந்தது. ஏன்டா அப்படிப் பண்ணின? நான் உனக்கு என்னடா பண்ணினேன்? நான் பேச ஆசப்பட்டது தப்பாடா? எல்லாம் வந்தது, வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி, ஒரு எழுத்துகூட இடறாமல். என் குரல் இவ்வளவு அழகு என்று எனக்கே தெரியாது. நிறுத்த முடியவில்லை. ஒவ்வொரு சொல்லுக்கும் அவன் கொஞ்சம் மேலே போனான். மேல் மூலைக்கு. சாய்ந்து.

டொக். டொக். அவன்தான் தட்டுகிறான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அவன் கை இரண்டும் பக்கவாட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

என் கன்னத்து எலும்பு வலித்தது. தொட்டுப் பார்த்தேன். வீங்கியிருந்தது. கண்ணாடியில் என் கன்னம் பட்ட இடத்தில் ரத்தம்.

அப்போது போன் அடித்தது. ஆஸ்பத்திரி நம்பர்.

"பாப்பா, இப்ப பண்ணினது நீதானம்மா? மனசு கேக்கல. எதாவது அவசரமா? யார் வேணும் சொல்லு, கூப்பிட்டு விடறேன்."

நான் அண்ணனைப் பார்த்தேன். அவனும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஒண்ணும் இல்லண்ணா. தெரியாம கை பட்டுடுச்சு. ஸாரி."

திக்கவில்லை.

அதற்குப் பிறகுதான் வாயை மூடிக்கொண்டு இங்கே உட்கார்ந்தேன்.

இதைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே நடுவில் ஒரு தடவை திறந்தது அப்பா. கண்ணை மூடிக்கொண்டு நல்லதாக நினைத்துப் பார்த்தேன். மழையில் தன் சட்டையைக் கழற்றி என் புத்தகப் பையை மூடிக்கொண்டு வந்தானே, அது. காய்ச்சலில் கிடந்தபோது எனக்காக மொட்டை மாடியில் நின்று கோமாளி மாதிரி ஆடினானே, அது. க்ளிக் என்று காந்தம் விட்டது. விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி. குளிர்ந்த உப்பு வாடை என் முழங்கால் மேல் இறங்கியது. அவன் உதடு அசைந்தது. "எலி" என்றான். அவ்வளவுதான். கூப்பிட்டிருக்கிறான், வேறொன்றும் இல்லை. எனக்குக் கடைசி வரிசை கேட்டது. ம-ம-ம-ம.

கதவு மூடிக்கொண்டது. என் கன்னம் கண்ணாடியில் இருந்தது.

டொக்.

இப்போது அவன் கூரை மூலையில் இருக்கிறான். முடி ஆடுவது குறைந்துவிட்டது. விடிந்தால் அம்மா வந்துவிடுவாள். அதற்குள் நான் அடங்க வேண்டும். அடங்கிவிட்டேன் என்றுதான் ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன், நினைத்துவிட்டு எழுந்து போகிறேன், மோதுகிறேன். மாமியார் அடங்கிவிட்டாளா என்று வெளியே நின்று பார்த்துச் சொல்ல நாம் இருந்தோம். இங்கே என்னைப் பார்ப்பதற்கு அவன் ஒருவன்தான் இருக்கிறான்.

கோபம் போய்விட்டது என்று, பெட்டிக்கு வெளியே இருப்பதற்கே எப்படித் தெரியும் அப்பா?