கோணல் கட்டை

வீட்டில் ஆளிவிதை எண்ணெய் ஒரு சொட்டுக் கிடையாது. இருந்தும் நான்கு நாளாக ஸ்ரீராம்புரத்து ஒற்றை அறை முழுக்க அந்த வாடைதான். அப்பா பீட்டர் கோலார் சுரங்கத்தில் தச்சராக இருந்த காலத்தில், இழைத்து முடித்த மரத்துக்குப் பூசிய அதே எண்ணெய். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த மௌரீன் வெங்காயக் கூடை, அடுப்படி, அலமாரி எல்லாவற்றையும் முகர்ந்து பார்த்துவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்தாள். வாடை கட்டிலுக்கு அடியிலிருந்து வருகிறது என்று அவளுக்குத் தெரியும். குனிந்து பார்க்கத்தான் தெம்பில்லை.

அங்கே துப்பாக்கி கிடந்தது. இரட்டைக்குழல், இங்கிலாந்தில் செய்தது. சுரங்கத்துத் துரை கப்பலேறும்போது அப்பாவிடம் கொடுத்துவிட்டுப் போனது. போன கிறிஸ்துமஸுக்கு அப்பா இறந்தார். லைசென்ஸும் அவரோடு போயிற்று. மெல்போர்னில் இருக்கிற தம்பி, நீயே பார்த்துக்கொள் என்று போனை வைத்துவிட்டான். அப்பாவுக்கு இருந்ததே ஒரு கண்; அதிலும் தம்பிக்கு வெண்ணெய், இவளுக்குச் சுண்ணாம்பு.

மாதக் கடைசிக்குள் விற்காவிட்டால் வழக்கு என்று ஸ்டேஷனில் சொல்லிவிட்டார்கள். அதற்கு அலைந்தே மூன்று நாள் லீவு போயிற்று. பொம்மசந்திரா ஃபாக்டரி ஒன்றில் சர்க்யூட் பலகைகளை லென்ஸ் வைத்துப் பார்த்துப் பழுது பொறுக்குவது அவள் வேலை. நாற்பத்தாறு வயதில், நாதியில்லாதவளுக்கு அந்த இரண்டு கண்கள்தான் சோறு போட்டன. திங்கட்கிழமை காலையில் கம்பெனியில் கண் பரிசோதனை. வலது கண்ணின் வெள்ளையில் எள்ளளவு மச்சம் ஒன்று உண்டு. ஒவ்வொரு வருடமும் டாக்டர் அதைப் பார்த்து, இது ஒன்றும் செய்யாது என்று எழுதிக் கொடுப்பார்.

சிவாஜி நகரில் துப்பாக்கி வியாபாரம் செய்கிற உத்தமன் முதல் நாளே உதட்டைப் பிதுக்கினான். தோளில் வைக்கிற மரக்கட்டை இடப்பக்கமாக வளைந்திருந்தது. வலது தோளில் வைத்து இடது கண்ணால் குறிபார்க்கிற, வலது கண் இல்லாத ஆளுக்கான கட்டை. துப்பாக்கி கைக்கு வந்த மூன்றாம் மாதம் சுரங்கத்தில் கல் தெறித்து அப்பாவின் வலது கண் போயிற்று. பிறகு அவரே பலாமரத்தில் அந்தக் கோணல் கட்டையைச் செதுக்கி மாட்டிக்கொண்டார்.

“ஒரிஜினல் கட்டை இருக்கான்னு தேடுங்கக்கா. இருந்துச்சுன்னா கூர்க் பார்ட்டி ஒருத்தர் கண்ண மூடிக்கிட்டு வாங்கிப்பாரு,” என்றான் உத்தமன்.

இருந்தது. அப்பாவின் உளிப்பெட்டிக்கு அடியில், சாக்கில் சுற்றி, மேலே குருத்தோலைச் சிலுவை ஒன்றை வைத்து ஆணி அடித்திருந்தார். பழைய குருத்தோலையை வீட்டில் வைத்திருக்கக் கூடாது, சாம்பல் புதனுக்கு எரிக்கக் கோயிலில் கொடுத்துவிட வேண்டும். அவளும் யோசிக்காமல் கொடுத்துவிட்டாள். புதன்கிழமை நெற்றியில் அந்தச் சாம்பலோடு வந்து உட்கார்ந்து நேர்க்கட்டையை மாட்டினாள். தச்சர் மகளுக்கு இரண்டு திருகாணி பெரிய காரியமா. வாடை அன்றைக்குத்தான் தொடங்கியது.

இந்த ஞாயிறு பொழுது சாய உத்தமனே வந்தான். செய்த கம்பெனிக்குத் துப்பாக்கியின் நம்பரை எழுதிப் போட்டிருந்தானாம், அவர்கள் பழைய பதிவேட்டைப் பார்த்துப் பதில் அனுப்பியிருந்தார்கள். தாளை நீட்டினானே தவிர வாசற்படி ஏறவில்லை.

“எனக்கு வேணாங்கக்கா. நாளைக்கே ஸ்டேஷன்ல குடுத்துருங்க. அதுவரைக்கும் அதத் தோள்ல வெக்காதீங்க.”

அவள் ஏற்கெனவே வைத்துப் பார்த்திருந்தாள். கட்டை அச்சாகப் பொருந்தியது.

குழாயடியில் குடங்கள் உருளும் சத்தமும் யார் வீட்டிலோ மீன் வறுபடும் வாசனையும் வந்துகொண்டிருக்க, ஜன்னலோர வெளிச்சத்தில் அவள் படித்தாள். 1909-இல் ஒரு சுரங்க இஞ்சினியருக்காகச் செய்தது. 1912-இல் அவருக்கு வலது கண் போய்விட்டது, கோணல் கட்டை ஒன்று கேட்டு எழுதியிருக்கிறார். அடுத்து வாங்கியவர் நேர்க்கட்டையைத் திரும்ப மாட்டினார். 1927-இல் அவருக்கும் வலது கண் போய், கோணல் கட்டை. மூன்றாமவருக்கு 1938-இல். கடைசியாகப் பென்சிலில் ஒரு பதிவு இருக்கிறது, பெயரும் தேதியும் இல்லை, மன்னிக்கவும் என்று எழுதியிருந்தார்கள். கோணல் கட்டை. நீளம் குறைவு. பெண்ணுக்கான அளவு.

குழாயடிச் சத்தம் நின்றிருந்தது. எப்போது நின்றது என்று தெரியவில்லை. மீன் வாசனையும் இல்லை. எண்ணெய் வாடை மட்டும் நெஞ்சுவரை ஏறியது. அவளுக்குப் பயமாக இருந்தது. பயப்படக்கூட அலுப்பாக இருந்தது.

எதிர்ச் சுவரில் மாதா காலண்டர். வலது கண்ணைக் கையால் பொத்தினாள். தேதிகள் தெளிவாகத் தெரிந்தன. நாளைய பரிசோதனைக்குப் பயமில்லை என்று சொல்லிக்கொண்டாள்.

இடது கண்ணைப் பொத்தினாள்.

காலண்டர் இல்லை. சுவர் இல்லை. இருட்டும் இல்லை, இருட்டாக இருந்தால் தேவலை. இரண்டு வட்டங்கள். ஒட்டி ஒட்டி. கறுப்பு. விளிம்பில் எண்ணெய் மினுமினுப்பு.

கையை எடுத்தாள். குனிந்தாள். துப்பாக்கி கட்டிலுக்கு அடியில், வைத்த இடத்தில், குழல்வாய் சுவரைப் பார்த்தபடி கிடந்தது.

மறுபடி பொத்தினாள்.

வட்டங்கள் கிட்டே வந்திருந்தன. பின்னால் ஒரு முகம். நேர்க்கட்டையில் கன்னத்தைச் சாய்த்திருந்தது. இடது கண்ணை இடுக்கியிருந்தது. வலது கண் திறந்திருந்தது.

அதன் வெள்ளையில் எள்ளளவு மச்சம்.