பாதியில் நின்ற குதி

பெரியநாயகி செத்த மத்தியானம் அந்த வீட்டில் இருந்தவர்கள்:

பெரியநாயகி. உள் அறையில், பாயில். மாட்டுவண்டியிலிருந்து விழுந்த நாள் முதல் இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லாதவள்.

அவள் தம்பி பெண்டாட்டி வசந்தாமணி. கூடத்தில், மெஷின் முன்னால்.

வேலைக்கு வரும் ஆராயி. கொல்லையில், சோளம் புடைத்துக்கொண்டு.

வீட்டுக்காரன் சென்னியப்பன் இல்லை. கரியில் ஓடும் லாரியில் சேர்வராயன் மலைக்குச் சாமான் ஏற்றிப் போயிருந்தான்.

துக்கம் கேட்க வந்த ஒவ்வொருவரிடமும் வசந்தாமணி இதை இதே வரிசையில் சொன்னாள். சொல்லி முடித்ததும், "மெஷின் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே கேக்கலீங்க" என்று சேர்த்துக்கொண்டாள். ஓமலூரில் யாரும் அதைச் சந்தேகப்படவில்லை. அந்தச் சத்தம் தெருவுக்கே தெரியும்.

கருமாதி முடிந்து உறவெல்லாம் ஊர் திரும்பிய பிறகு, ஒரு காலையில், மெஷின் மேல் போட்டிருந்த பழைய சேலைத் துணியை அவள் எடுத்தாள். எடுத்தவள் துணியைக் கையில் பிடித்தபடியே நின்றுவிட்டாள். பாதியில் விட்டிருந்த காலுறைக் குதி முடிந்திருந்தது.

அது காலுறை பின்னும் மெஷின். உலகச் சண்டை வலுத்ததும் மலையிலிருந்த வெள்ளைக்காரத் துரை பட்டாளத்துக்குப் போய்விட, துரைசானி காப்பித் தோட்டத்தை விற்றுவிட்டுக் கிளம்பும்போது, நம்பிக்கையாகச் சாமான் கொண்டுவந்து போட்ட சென்னியப்பனுக்கு அதைக் கொடுத்துவிட்டுப் போனாள். மேசை விளிம்பில் திருகி மாட்டிய இரும்பு வட்டம், அதைச் சுற்றி வேலி போட்டது போல ஊசிகள், ஒவ்வொரு ஊசியின் நுனியிலும் ஒரு கொக்கி, கொக்கிக்குக் கீழே மடங்கி நிமிரும் சின்ன நாக்கு. கைப்பிடியைச் சுற்றினால் நாக்குகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திறந்து நூலைக் கவ்வி மூடும். அடியில் துணி குழாயாக இறங்கும். அதை இழுத்துப் பிடிக்க ஒரு இரும்புக் குண்டு தொங்கும். குழாய் பின்னுவது சுலபம். குதிகாலுக்குத்தான் கவனம் வேண்டும். முழுச் சுற்று ஆகாது. பாதி வட்டம் போய், பாதி வட்டம் திரும்பி, மறுபடி போய், மறுபடி திரும்பி. அதன் நடுவில் எழுந்தால் குண்டு சரிந்து, கண்ணிகள் ஊசியை விட்டு உதிர்ந்துவிடும்.

"செருப்பே இல்லாத ஊர்ல காலுக்குச் சட்டையா?" என்று பக்கத்து வீட்டு ராஜம்மாள் சிரிப்பாள். "எங்கூட்டு எருமைக்கும் ரெண்டு சோடி போட்டு உடு வசந்தா. மார்கழிப் பனிக்கு ஆவும்."

யாரும் போடாத காலுறைகள் தகரப் பெட்டியில் சேர்ந்தன. சேரட்டும். வசந்தாமணிக்கு அது பிடித்திருந்தது. சமைத்து, பாத்திரம் கழுவி, படுத்துக் கிடப்பவளைத் துடைத்து, புரட்டி, சோறு ஊட்டி முடித்த பிறகு, ஒரு உபயோகமும் இல்லாத ஒன்றைச் செய்வது அவளுக்குப் பிடித்திருந்தது.

அளவு பார்க்கக் கால் வேண்டும். அசையாத கால் வீட்டிலேயே இருந்தது.

"நங்கே, காலைக் குடுங்க" என்பாள்.

"எடுத்துக்க சாமி. நான் அதுல நடந்தா போறேன்?" என்பாள் பெரியநாயகி, நாத்தனார் என்ற அதிகாரமெல்லாம் படுக்கையோடு போய்விட்டவள். சாம்பல் நிறக் காலுறையை மாட்டிவிட்டால், ஊரான் காலைப் பார்ப்பது போலத் தன் காலையே எட்டிப் பார்த்துச் சிரிப்பாள்.

மெஷின் சுற்றும் சத்தம் கேட்டால் பெரியநாயகிக்கு இருப்புக் கொள்ளாது. கையை ஊன்றி ஊன்றிக் கூடத்துக்கு நகர்ந்து வந்து, மேசைக் காலைப் பிடித்துக்கொண்டு, இறங்கும் துணியைத் தடவுவாள். ஒரு நாள் இழுத்துவிட்டாள். பின்னியது மொத்தமும் உதிர்ந்து விழுந்தது. அதற்கு மறுநாளிலிருந்து, மத்தியானங்களில், வசந்தாமணி உள் அறைக் கதவைச் சாத்தி வெளியே நாதாங்கி போட்டாள். சென்னியப்பனுக்கு இது தெரியாது. ஆராயிக்கும் தெரியாது.

அன்றைக்குக் கூப்பிட்ட சத்தம் கேட்டது. நன்றாகவே கேட்டது.

"வசந்தா… தண்ணி சாமி."

குதி நடுவில் இருந்தது. "இதோ வாரேனுங்க" என்றாள். உள்ளே கேட்காத குரலில்தான் சொன்னாள். கைப்பிடியைச் சுற்றிப் பாதி வட்டம் போனாள், திரும்பினாள். கதவை உள்ளங்கை தட்டியது. போனாள், திரும்பினாள். அப்புறம் நகம். மரத்தை நகம் பிறாண்டும் சத்தம், எலி மாதிரி, மெஷின் திரும்புகிற சின்ன இடைவெளிகளில் மட்டும் கேட்டது. அதனால் அவள் இன்னும் வேகமாகச் சுற்றினாள். பிறகு சத்தம் நின்றது. நின்றதும் அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

அதைத்தான் அவளால் யாரிடமும் சொல்ல முடியாது. தெரியாமல் நடந்தது என்று சொல்லலாம். நிம்மதியாக இருந்தது என்று எப்படிச் சொல்வது?

கொஞ்ச நேரத்தில் அந்த அமைதி கனத்தது. குதியைப் பாதியில் விட்டு எழுந்தாள். நாதாங்கியை எடுத்துத் தள்ளினால் கதவு திறக்கவில்லை. பின்னால் உடம்பு சாய்ந்து கிடந்தது. தோளால் முட்டித் திறந்து, பாய்வரைக்கும் இழுத்துக் கிடத்தி, முந்தானையால் கைவிரல்களைத் துடைத்துவிட்டு, அதற்குப் பிறகுதான் ஆராயியைக் கூப்பிட்டாள்.

தெருப் பெண்கள் வந்து பிணத்தின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்ட நூல் கேட்டார்கள். கைக்குக் கிடைத்தது மெஷினில் ஒரு காலுறைக்கும் அடுத்த காலுறைக்கும் நடுவே பின்னி வெட்டிப்போடும் சிவப்புக் கழிவு நூல். அதைத்தான் கொடுத்தாள்.

இப்போது குதி முடிந்திருந்தது. உதிரவும் இல்லை. ஒரு கண்ணி பிசகாமல், அவள் பின்னுவதைவிட நெருக்கமாக.

உறவுக்காரப் பெண்கள் யாராவது கைப்பிடியைச் சுற்றிப் பார்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். தெரியாத கை சுற்றினால் குதி வராது என்பதும் அவளுக்குத் தெரியும். துணியை மறுபடி போர்த்தினாள். வேறு காலுறைகளுக்கு என்ன ஆயிற்றென்று பார்க்கத் தகரப் பெட்டியைத் திறந்தாள். நங்கையின் காலுக்கு அளவு பார்த்த சாம்பல் நிறச் சோடி எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அடிப்பாகம் இரண்டும் கறுத்திருந்தன. சாணம் மெழுகிய தரையில் நடந்த கறுப்பு. முகர்ந்தாள். ஈர மண் வாசம் அடித்தது.

அன்று விளக்கு வைக்கும் நேரத்தில் அந்தச் சத்தத்தை முதலில் கேட்டாள். பஞ்சு மூட்டையைத் தரையில் வைப்பது போல மெத்தென்று ஒரு தப். இடைவெளி. இன்னொரு தப். ஒரு கால் மாற்றி ஒரு கால் வைக்கிற நடை அல்ல. இரண்டு காலும் ஒன்றாக விழுந்தன.

சென்னியப்பன் சாப்பிட உட்கார்ந்ததும் கேட்டாள்.

"ஏனுங்க, நங்கையோட கால்கட்டை அவுத்தீங்களா?"

"எந்தக் கட்டு?"

"பெருவெரல் கட்டு. குழியில எறக்கறப்ப அவுக்கோணுமே. செவப்பு நூலு."

அவன் சோற்றைப் பிசைவதை நிறுத்தி யோசித்தான். "அன்னிக்குத்தான் மழை புடிச்சுக்கிச்சே. குழியெல்லாம் தண்ணி. எறக்குனதும் மண்ணைத் தள்ளிட்டோம். அவுத்தாப்புல ஞாபகம் இல்ல." பிறகு அவனே சமாதானம் சொல்லிக்கொண்டான். "இருந்தா இருந்துட்டுப் போவுது புள்ளே. அக்கா என்ன நடந்தா போவப் போவுது?"

கை கழுவும்போது அவன் இன்னொன்றும் சொன்னான். அவன் நல்லவன்; நல்லது என்று நினைத்துத்தான் சொன்னான்.

"இனிமே மெஷினை உள் ரூமுக்குள்ள போட்டுக்க. கூடம் காலியாவும். கதவு உள்பக்கம் தொறந்து பாதி எடத்தை அடைச்சுக்கிட்டு நிக்குது. நாளைக்கு ஆசாரியை வரச் சொல்லறேன். கழட்டி, செதுக்கி, வெளிப்பக்கம் தொறக்கற மாதிரி மாட்டிரலாம்."

"கதவு எதுக்குங்க இப்ப…"

"எதுக்குன்னா? நீ உக்காந்து பின்னறதுக்குத்தான்."

ஆசாரி கதவைக் கழற்றி வெயிலில் கிடத்துவான். உள்பக்கத்தைப் பார்ப்பான். பிறாண்டல்களைப் பார்ப்பான். சென்னியப்பனைக் கூப்பிட்டுக் காட்டுவான். கதவு சும்மா சாத்தியிருந்தால் உள்ளே இருப்பவள் இழுத்துத் திறந்திருப்பாள். நாதாங்கி போட்ட கதவைத்தான் பிறாண்ட வேண்டும். இது ஆசாரிக்கும் புரியும், சென்னியப்பனுக்கும் புரியும், பொழுது சாய்வதற்குள் ராஜம்மாளுக்கும் புரியும்.

மறுநாள் விடியலில் சென்னியப்பன் லாரிக்குப் போனான். போகிற வழியில் ஆசாரியைச் சாயங்காலம் வரச் சொல்வதாகச் சொன்னான். வெயில் உச்சிக்கு ஏறி, தெருவில் நாய்கூட நடமாடாத நேரத்துக்காக வசந்தாமணி காத்திருந்தாள். ஆராயி கொல்லையில் சோளம் உலர்த்திக்கொண்டிருந்தாள். உடைந்த ஓட்டுத் துண்டு ஒன்று, விளக்கெண்ணெய்க் கிண்ணம், கந்தல், ஏற்றிய விளக்கு, இவற்றை எடுத்துக்கொண்டு உள் அறைக்குள் போனாள். அந்த அறைக்குச் சன்னல் இல்லை. மேலே கொல்லையைப் பார்த்து ஒரு புகைத்துளை மட்டும். மூத்திரமும் வேப்பெண்ணெயும் கலந்த பழைய வாசம் இன்னும் தரையில் இருந்தது. கதவின் உள்பக்கத்தைச் சுரண்டக் கதவைச் சாத்தித்தான் ஆக வேண்டும். அவளே சாத்தினாள்.

குந்தி உட்கார்ந்து விளக்கைப் பக்கத்தில் வைத்தாள். கீழே, தவழ்கிறவள் கை எட்டுகிற உயரத்தில், வெள்ளை வெள்ளையாகக் கீறல்கள். ஓட்டுத் துண்டால் தேய்த்தாள். மரத்தூள் மடியில் உதிர்ந்தது. எண்ணெய் தடவினாள். கறுத்துப் பழைய மரம் போல ஆயிற்று. நன்றாகத்தான் வந்தது. மற்ற இடமும் சரியாக இருக்கிறதா என்று விளக்கைத் தூக்கிப் பார்த்தாள்.

மேலேயும் இருந்தன.

அவள் தலைக்கு மேலே. புதிய கீறல்கள். நிற்கிறவள் கை எட்டுகிற உயரத்தில்.

அப்போது கூடத்தில் மெஷின் சுற்றத் தொடங்கியது.

கரகரவென்று முழுச் சுற்றுகள். நிதானமாக, பழகிய கை சுற்றுவது போல. நாக்குகள் திறந்து மூடும் சத்தம் கதவு வழியாக வந்தது. இந்தப் பக்கத்திலிருந்து கேட்கும்போது அது எப்படி இருக்கும் என்று அவளுக்கு இதுவரை தெரியாது. பற்கள் தந்தியடிப்பது போல இருந்தது. இத்தனை நாள் பெரியநாயகி கேட்டது இதைத்தான்.

புகைத்துளை வழியாக ஆராயியின் குரல்.

"அம்மிணீ! சோளத்தை மூடி வெச்சுட்டேனுங்க. ஊட்டுக்குப் போயிட்டு வாரேன்!"

வசந்தாமணி வாயைத் திறந்தாள். ஆராயி என்று ஒரு சத்தம் போட்டால் போதும். ஓடி வருவாள். கதவைத் தள்ளுவாள். ஓட்டுத் துண்டைப் பார்ப்பாள். எண்ணெயைப் பார்ப்பாள். மடி நிறைய மரத்தூள். பாதி அழிந்த கீறல். என்னங்க அம்மிணி இது என்று கேட்பாள்.

வாயை மூடிக்கொண்டாள்.

"கேக்குதுங்களா?" ஆராயி கொஞ்சம் நின்றாள். மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. ஆராயி தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். "மெஷினுல உக்காந்துட்டா இடி உளுந்தாலும் கேக்காது."

கொல்லைப் படல் இழுபட்டது. காலடி போயிற்று.

மெஷினின் சத்தம் மாறியது. முழுச் சுற்று இல்லை. பாதி போனது. திரும்பியது. பாதி போனது. திரும்பியது.

குதி.

விளக்கின் சுடர் கதவுப் பக்கம் சாய்ந்தது. தொண்டை காய்ந்திருந்தது. எழுந்திருக்கலாம். கதவை இழுக்கலாம். வெறும் கதவுதான். சாத்தியதுதான். கை எழவில்லை.

மெஷின் நின்றது.

தப்.

ஈர மண் வாசம்.

தப்.

கதவுக்கு மறுபக்கம். மிக அருகில். வாசற்படிக்கும் கதவுக்கும் நடுவில் இருந்த சந்து வழியாக அவள் பார்த்தாள். குனிந்து, கன்னம் தரையில் பட, பார்த்தாள். சாம்பல் நிறத்தில் இரண்டு பாதங்கள். ஒட்டினாற்போல, பக்கத்தில் பக்கத்தில். இரண்டு பெருவிரல்களையும் சேர்த்துச் சுற்றியிருந்த சிவப்பு நூல் ஊறிப் பருத்திருந்தது.

"நங்கே…" என்றாள். மறுபடி சொன்னாள். "நங்கே… தண்ணி…"

ஏன் அதைக் கேட்டாள் என்று அவளுக்கே தெரியாது. வேறு வார்த்தை வரவில்லை.

வெளியே பதில் வந்தது. மெல்ல. உள்ளே கேட்கக்கூடாது என்று சொல்லும் குரலில்.

"இதோ வாரேன் சாமி."

அவளுக்குக் கேட்டது. நன்றாகவே கேட்டது.

நாதாங்கி கொண்டியில் விழுந்தது.