இரண்டு பேர் இருந்தால்தான் வகுப்பு

அவன் குடையை மடக்கி உதறினான். அதிலிருந்த மழை மொத்தமும் அவள் முகத்தில் வந்து விழுந்தது.

"கண்ணு தெரியாதா உங்களுக்கு?"

கேட்டுவிட்டுக் கைக்குட்டையைத் தேடினாள். ஏற்கெனவே அவளுக்குத் தலை கொதித்துக்கொண்டிருந்தது. பி.பார்ம் கடைசி வருடம். வகுப்பில் எப்போதும் முதல் இடம். அப்படிப்பட்டவள் காலையிலிருந்து கல்லூரி அலுவலகத்தின் சின்ன ஜன்னல் முன்னால் குற்றவாளி மாதிரி நிற்கிறாள்...

"ஸாரிங்க... வரிசை இதுதானா?"

உயரமாக, ஒல்லியாக, பாதி நனைந்த சட்டையோடு நின்றான். கண்கள் மட்டும் வேறு மாதிரி... தப்புச் செய்துவிட்டுத் தானே அதற்குச் சிரித்துக்கொள்கிற கண்கள். அதைப் பார்த்ததும் அவளுக்கு இன்னும் எரிச்சல் வந்தது.

ஜன்னலுக்கு உள்ளே உட்கார்ந்திருந்தவர் கல்விப் பிரிவுக் கண்காணிப்பாளர். மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் விதியம்மா. எதைக் கேட்டாலும் மேசை மேலிருக்கும் படிப்பு விதிகள் புத்தகத்தைத் தட்டிக் காட்டி, "இதுல இடமில்லைம்மா" என்பார். கெட்டவர் இல்லை. யாரிடமும் குரல் உயர்த்திப் பேசியதில்லை. அதனாலேயே அவரிடம் சண்டை போடவும் முடியாது.

"அம்மாவுக்கு ஆபரேஷன், மேடம். பக்கத்துல இருந்து பாத்துக்க என்னை விட்டா ஆள் இல்ல. அதனாலதான் லேப்புக்கு வர முடியல. டாக்டர் சர்டிபிகேட் கொடுத்திருக்கேனே..."

"சர்டிபிகேட் அம்மா பேர்ல இருக்கும்மா. உன் பேர்ல இருந்தாத்தான் செல்லும்."

"எனக்கு ஒண்ணும் இல்லையே மேடம். நான் நல்லாத்தானே இருக்கேன்."

"அதுதான் பிரச்சினையே. நீ படுத்திருந்தேன்னா வருகைக் குறைவை மன்னிச்சுடலாம். நீ நல்லா இருந்துட்ட."

பின்னாலிருந்து ஒரு சிரிப்பு அடக்கியும் அடங்காமல் வெளியே வந்தது. அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்தாள். குடைக்காரன் உடனே கூரையைப் பார்த்துக்கொண்டான்.

விஷயம் இதுதான். மருந்துப் பகுப்பாய்வு லேபில் மட்டும் அவளுக்கு வருகை குறைவு. மற்றத் தேர்வுகளை எழுதியாகிவிட்டது. இந்த லேபுக்கு மட்டும் விடுமுறையில் சிறப்பு வகுப்புக்குப் போய், அதன் பிறகுதான் செய்முறைத் தேர்வு எழுத முடியும். கல்விக் குழுவுக்கு ஒரு மனுவும் கொடுத்து வைத்திருக்கிறாள், ஆனால் குழு எப்போது கூடும் என்று குழுவுக்கே தெரியாது.

"சிறப்பு வகுப்புக்குப் போட்டுக்கிறேன் மேடம்."

"போடலாம். ஆனா குறைஞ்சது ரெண்டு பேர் இருந்தாத்தான் வகுப்பு நடக்கும். இப்போதைக்கு நீ ஒருத்திதான்."

"இன்னொருத்தர் வரலைன்னா?"

"அடுத்த வருஷம்."

அவளுக்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அடுத்த வருடமா... வீட்டில் அம்மாவின் மருந்துச் செலவுக்கே வழி தேடிக்கொண்டிருக்கும்போது அடுத்த வருடமா...

"மேடம்... நானும் அந்த லேப்புக்குத்தான் வந்திருக்கேன்," என்றது பின்னாலிருந்து அதே குரல்.

விதியம்மா மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "வா அரியர் தம்பி. வந்துட்டியா? உனக்கு இதுதான் கடைசி, ஞாபகம் இருக்கா? படிப்பை முடிக்க விதியில எத்தனை வருஷம் உண்டோ அது இதோட முடியுது. இதுலயும் போச்சுன்னா பட்டம் கிடையாது. பாஸ் பண்ண மத்தப் பாடமெல்லாம் வீண்."

"தெரியும் மேடம்," என்றான் அவன். இந்த முறை அந்தக் கண்கள் சிரிக்கவில்லை.

அவள் கைக்குட்டையைப் பைக்குள் திணித்தாள். போயும் போயும் இவனை நம்பியா நம் பட்டம்... அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன.

* * *

அவனுக்கு ஒரு மருத்துவமனையின் மருந்துக் கிடங்கில் வேலை. மதியத்துக்கு மேல் பெட்டி தூக்கி அடுக்குவான். எந்த மருந்து எங்கே இருக்கிறது, எதை எதோடு சேர்த்துக் கொடுக்கக்கூடாது, எல்லாம் அத்துப்படி. ஆனால் பட்டம் இல்லாமல் ஒரு மாத்திரை அட்டையைக்கூட நோயாளி கையில் அவன் கொடுக்கக் கூடாது. இதெல்லாம் முதல் வாரத்திலேயே அவளுக்குத் தெரிந்துவிட்டது. காரணம், அவன் வாய் மூடுவதில்லை.

பெரிய லேப். நீளமான கல் மேசைகள். ஒரு மூலையில் லேப் ஆசிரியர் செய்தித்தாளுக்குள் புதைந்திருப்பார். மீதி இடமெல்லாம் இவர்கள் இரண்டு பேர்தான்.

வேலை என்னவோ எளிமையானது. குடுவையில் நிறங்காட்டி கலந்த, நிறமில்லாத அமிலம். மேலே நீளக் கண்ணாடிக் குழாயில் காரம். அதைச் சொட்டுச் சொட்டாக விட்டுக்கொண்டே வந்தால் ஒரு கட்டத்தில் குடுவையில் மெல்லிய ரோஜா நிறம் தட்டும். அந்தச் சொட்டோடு நிறுத்திவிட வேண்டும். தாண்டினால் கணக்கு மொத்தமும் தப்பு.

அவன் ஒவ்வொரு முறையும் தாண்டினான்.

"வந்துடுச்சாங்க?" என்று குடுவையை அவள் பக்கம் நீட்டுவான்.

"செய்யறது நீங்க. கேக்கறது என்னையா?"

"நீங்க சொன்னா ஒரு தைரியம்..."

"எனக்கு என் வேலை இருக்கு. இது உங்களுக்கு விளையாட்டா இருக்கலாம்."

"கோவப்படும்போது நீங்க குழாயைப் பாக்கறதே இல்ல. அங்க பாருங்க, உங்களுக்கும் தாண்டிடுச்சு."

குனிந்து பார்த்தால் உண்மையிலேயே தாண்டியிருக்கும். அவளுக்கு எங்கேயாவது போய்க் கத்திவிட்டு வரலாமா என்று இருக்கும்.

வீட்டுக்கு வந்தும் அதே புலம்பல்தான். கட்டிலில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்த அம்மா ஒரு நாள் மெதுவாகச் சொன்னாள். "நான் என்ன மாத்திரை சாப்பிட்டேன்னு நீ கேட்டு ரெண்டு நாளாச்சு. வந்ததும் அந்த அரியரைத் திட்டத்தான் உனக்கு நேரம் இருக்கு."

"திட்டாம என்னம்மா பண்றது? கண்ணெதிர்ல நிறம் மாறுது, பாத்துக்கிட்டே கோட்டை விடறான்."

"ஆமா ஆமா... திட்டு, திட்டு," என்று அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். சிரித்தாளா, இருமினாளா என்று தெரியவில்லை.

* * *

அன்று லேபில் ஜன்னல் முழுக்க மழை வழிந்துகொண்டிருந்தது. அவளுக்கு முதல் முறையே சரியாக அமைந்துவிட்டது. அழகான, மெல்லிய ரோஜா. பெருமையாக இருந்தது அவளுக்கு. குடுவையை அவன் முகத்துக்கு நேரே தூக்கிக் காட்டினாள்.

"பாத்தீங்களா? இப்படி இருக்கணும்."

அவன் உற்றுப் பார்த்தான். "இன்னும் ரெண்டு சொட்டு விடுங்க... வந்துடும்."

கிண்டல் செய்கிறான் என்றுதான் முதலில் நினைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தாள். கிண்டல் இல்லை. குடுவையின் பின்னால் ஒரு வெள்ளைத் தாளைப் பிடித்தாள். "இப்போ?"

"தண்ணி மாதிரிதானே இருக்கு?" என்றவன் சட்டென்று நிறுத்திக்கொண்டான். அவனுக்கும் புரிந்துவிட்டது, அவளுக்குப் புரிந்துவிட்டது என்று.

சிவப்பும் அதன் சாயலும் அவனுக்குச் சரியாகத் தெரியாது. அதனால்தான் தினமும் அந்த 'வந்துடுச்சாங்க...' கண்ணு தெரியாதா என்று முதல் நாளே கேட்டோமே என்று நினைத்தபடி அவள் குடுவையை மெதுவாக மேசையில் வைத்தாள்.

"எத்தனை வருஷமா இப்படி? ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

"சொன்னா, இவனுக்கெல்லாம் எதுக்கு பார்மசின்னு அனுப்பிடுவாங்க."

"அப்படி எந்த விதியில இருக்கு? படிச்சுப் பாத்தீங்களா?"

"படிக்க பயமா இருந்துச்சு," என்றான். ஒருபோதும் நிற்காத வாய் இப்போது ஒவ்வொரு வார்த்தையாக இழுத்தது. "நீங்களும் சொல்லிடாதீங்க. பாவம்னு யாராவது மார்க் போட்டா... எனக்கு அது வேணாம்."

"பாவமா?" அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பிஎச் மீட்டர்னு ஒண்ணு அலமாரிக்குள்ள தூங்குது. நிறமே பாக்க வேணாம், நம்பரைப் பாத்தே எங்க நிறுத்தணும்னு கண்டுபிடிக்கலாம். பாடத்திட்டத்துலயே இருக்கு. ஒரு வாய் வார்த்தை கேக்க வலிக்குது, வருஷக் கணக்கா ஃபெயிலாக வலிக்கலையா உங்களுக்கு?"

அவன் லேப் கோட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு மழையிலேயே இறங்கிப் போய்விட்டான். குடை மேசையடியில் கிடந்தது.

நல்லதுக்குச் சொன்னால் ரோஷம் வேறு... போகட்டும் என்றுதான் நினைத்தாள். ஆனால் மறுநாள் காலையில் அவளுடைய கால்கள் வழக்கத்தைவிட வேகமாக லேபுக்கு நடந்தன. கதவருகில் வந்தபோது உள்ளே அவன் குரல் கேட்டது. லேப் ஆசிரியர் முன்னால் கைகட்டி நின்று, எல்லாவற்றையும் தானே சொல்லிக்கொண்டிருந்தான். ஆசிரியர் செய்தித்தாளை மடித்தார்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்னப்பா?" என்றவர், அலமாரிச் சாவியைத் தேட ஆரம்பித்தார்.

* * *

எல்லாம் ஒழுங்காகப் போகத் தொடங்கியபோதுதான் விதியம்மா அவளைக் கூப்பிட்டனுப்பினார். முகமெல்லாம் மலர்ந்திருந்தது.

"குழு உன் மனுவை ஏத்துக்கிச்சும்மா. குறைவை மன்னிச்சாச்சு. நாளைக்கே நீ தனியா செய்முறைத் தேர்வு எழுதிடலாம். ராங்க் உனக்குத்தான்."

அவளுக்குத் துள்ள வேண்டும் போலிருந்தது. துள்ளவில்லை. "அப்போ அந்த வகுப்பு மேடம்?"

"ஒருத்தருக்காக நடத்த முடியாதே. நிறுத்திடுவோம்." விதியம்மா பார்வையைத் தாழ்த்திக்கொண்டார். "அரியர் தம்பிகிட்ட காலையிலேயே சொல்லிட்டேன். சரி மேடம்னு சொல்லிட்டுப் போயிட்டான்."

லேபில் அவன் மேசையைத் துடைத்துக்கொண்டிருந்தான். "வாழ்த்துகள்ங்க. கேள்விப்பட்டேன்," என்றான்.

"வேற எதுவும் சொல்ல வேண்டியது இல்லையா?"

"வேற என்னங்க... நல்லா எழுதுங்க."

போகாதீங்க என்று ஒரு வார்த்தை. அதைக் கேட்கத்தான் அவள் நின்றாள். அவன் மேசையையே துடைத்துக்கொண்டிருந்தான். அது ஏற்கெனவே பளபளவென்றுதான் இருந்தது.

அன்று மாலைவரை அவள் விதிப் புத்தகத்தோடு உட்கார்ந்திருந்தாள். எந்த விதி என்ன சொல்கிறது, எது எதை ரத்து செய்கிறது, எது தனக்குத்தானே முரணாக இருக்கிறது... இதை எழுதியவர்கள் திரும்ப ஒரு முறையாவது படித்துப் பார்த்தார்களா? கடைசியில் ஓர் ஓரத்தில் கிடைத்தது. வருகைக் குறைவு மன்னிக்கப்பட்டவரும், கூடுதல் மதிப்பெண் பெற விரும்பினால், சிறப்பு வகுப்பில் தொடர்ந்து அதன் பிறகு தேர்வு எழுதலாம். அவர் அந்த வகுப்பின் மாணவராகவே கருதப்படுவார். ஆனால் தரவரிசையில் அவருக்கு இடம் கிடையாது.

அந்தக் கடைசி வாக்கியத்தில் அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு எழுந்து அலுவலக ஜன்னலுக்குப் போனாள்.

"ராங்க் போயிடும்மா," என்றார் விதியம்மா. "யோசிச்சுக்கோ. இதுவரைக்கும் முதல் மார்க் வாங்கற பொண்ணு யாரும் இதைக் கேட்டதில்ல."

"இடம் இருக்கா, இல்லையா மேடம்?"

"இருக்கு..." என்றார் விதியம்மா. அந்த வார்த்தையைச் சொல்லி அவருக்குப் பழக்கமே இல்லை.

அம்மாவிடம் சொன்னபோது அம்மா கட்டிலில் எழுந்து உட்கார்ந்தாள். "நீ ராங்க் வாங்குவேன்னு பக்கத்து வீட்டுக்கெல்லாம் சொல்லிட்டேன்டி," என்றாள். பிறகு, "சரி, போ. அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்."

மறுநாள் அவள் லேபுக்குள் நுழைந்தபோது அவன் திகைத்துப்போய் எழுந்தான். இப்போதே தேர்வு எழுதினால் மார்க் பத்தாது, அதனால் வந்தேன் என்று மட்டும் சொன்னாள். அவன் நம்பினான். முட்டாள்...

* * *

முடிவு வந்த அன்று அவள் பேருந்து நிறுத்தத்தில் நின்றிருந்தாள். அவன் ஓடி வந்தான். பாஸ் ஆகிவிட்டான் என்று அவளுக்கு முன்பே தெரியும். ஆனால் அவன் முகத்தில் சந்தோஷத்தைக் காணோம்.

"ராங்க்கை விட்டுட்டீங்களா? விதியம்மா இப்பத்தான் சொன்னாங்க. எனக்காகவா?"

"இல்ல. மார்க்குக்காக."

"பொய். யாரு உங்களை இப்படிப் பண்ணச் சொன்னது? நான் கேட்டேனா?"

அத்தனை நாள் அடக்கியது எல்லாம் அவளுக்குள் உடைந்தது.

"கேக்கல. அதுதான் எனக்குக் கோவமே. ஒரு வார்த்தை கேட்டிருந்தா என்ன? மேசையைத் துடைச்சீங்க. நானே புத்தகத்தைப் புரட்டி, நானே வழியைத் தேடி, நானே ஒரு பொய்யையும் சொல்லி... எல்லாத்தையும் நானேதான் பண்ணணுமா? இப்பவும் நானேதான் சொல்லணுமா?"

பேருந்து வந்து நின்றது. கதவு திறந்தது. அவள் ஏறவில்லை. கண் கலங்கியது தெரியக்கூடாது என்று வேறு பக்கம் பார்த்தாள்.

"அன்னிக்குக் கேட்டிருந்தா நீங்க இருந்திருப்பீங்க. அது எனக்குத் தெரியும்," என்றான் அவன். "அதனாலதான் வாயைத் திறக்கல. உங்களுக்கு நஷ்டம் இல்லாத எதையாவது ஒரு நாள் கேக்கலாம்னு இருந்தேன்."

"கேளுங்க, பாப்போம்."

ஓட்டுநர் ஒலி எழுப்பினார். அவன் ஒரு மூச்சு இழுத்துக்கொண்டான்.

"உன்னை எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. என்கூடவே இருக்கியா?"

முதல் முறையாக ஒருமையில் பேசிவிட்டான். அது அவனுக்கே உறைத்தது, காது மடல்கள் சூடேறின. ஓட்டுநர் பொறுமையிழந்து கதவை மூடினார். பேருந்து நகர்ந்தது. அவள் அதைப் பார்க்கக்கூட இல்லை.

"இந்த ஒரு வரிக்கு இத்தனை நாளா..." என்றாள் அவள். குரலில் கோபம் அப்படியே இருந்தது. "இருக்கேன். அடுத்த பஸ் எப்போ வரும்னாவது தெரியுமா உனக்கு?"