நனையாத இடம்

மழை விட்ட நடைபாலத்தில் எல்லாமே நனைந்திருந்தது, இரண்டு பாதங்கள் அளவு இடத்தைத் தவிர.

தையற்காரி தள்ளிக்கொண்டு வந்த சைக்கிளை நிறுத்தினாள். கம்பிகளிலிருந்து துரு வாசனையோடு நீர் சொட்டிக்கொண்டிருக்க, கீழே சாலையில் வண்டிகள் தண்ணீரைக் கிழித்துப் போகும் இரைச்சல் பாலத்தின் இரும்பில் ஏறி அவள் உள்ளங்காலில் அதிர, அப்போதுதான் எரியத் தொடங்கிய விளக்கின் அடியில் அந்தத் தடங்கள் மட்டும் வெளிறிக் காய்ந்து கிடந்தன. வெறுங்கால். விரல்கள் அவள் பக்கம் திரும்பியிருந்தன.

யாரோ குடையோடு நின்றிருப்பார்கள். அப்படித்தான் சொல்லிக்கொண்டாள். திரும்பிப் போகவும் வழியில்லை. "உன் அண்ணன் வீட்டுக்கே போய்த் தொலை" என்று அவளையும் துணிப்பையையும் கொட்டுகிற மழையில் வெளியே விட்டுக் கணவன் தாழ்ப்பாள் போட்டிருந்தான்.

கொஞ்ச தூரம் தள்ளிப்போய்த் திரும்பிப் பார்த்தாள். விளக்கடியில் ஈரம் பளபளத்தது. தடங்கள் அங்கே இல்லை.

பின்சக்கரத்தை ஒட்டி இருந்தன.

போனை எடுத்தாள்.

"அண்ணா, பாலத்துல இருக்கேன். கொஞ்சம் எதிர்ல வர்றியா?"

"மறுபடியும் சண்டையா? மூட்டை முடிச்சோட வந்து நிக்காதே. உங்க அண்ணி மூஞ்சியத் தூக்கி வச்சுக்குவா."

"அது இருக்கட்டும்ணா. யாரோ பின்னாடியே வர்றாங்க. பயமா இருக்கு."

"யாரு வருவா? உன் புருஷனாத்தான் இருக்கும். சமாதானமாப் போயிடு."

வைத்துவிட்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

வேகமாகத் தள்ளினாள். செயின் கிறீச்சிட்டது. ஒவ்வோர் அடிக்கும் பாலத்துத் தகடு லேசாகத் துள்ளியது. சட்டென்று நின்றாள்.

தகடு நிற்கவில்லை.

ஒரு துள்ளல். இன்னொன்று. பிறகு அசைவில்லை. மிக அருகில்.

அப்போது மழை மறுபடி பிடித்துக்கொண்டது. கம்பியில் அடித்தது. சீட்டில் தெறித்தது. அவள்மேல் ஒரு துளிகூட விழவில்லை.

நிமிர்ந்து பார்க்கவில்லை அவள். ஹேண்டில்பாரைப் பற்றியிருந்த தன் கைகளை மட்டுமே பார்த்தாள். அவற்றுக்கு ஒரு சாண் மேலே, வெறும் காற்றில், மழை உடைந்து இருபுறமும் வழிந்தது. வழிந்த இடத்தில் இரண்டு கைகளின் உருவம் தெரிந்தது. அவை மெதுவாக இறங்கின. அவள் கைகள்மேல் படிந்தன.

விரல்கள் அவள் முழங்கைவரை சுற்றிக்கொண்டன.